நடுத் திட்டின் மூச்சு

1937ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை முற்பகல், மேமலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி விறாந்தையில், திடீர் மரண விசாரணை அதிகாரியின் முன்னிலையில், பொலிஸ் சார்ஜன் கேட்டுத் தமிழில் எழுதிக்கொண்டது.

பெயர்: அழகன் மகள் அம்மாக்கண்ணு. வயது: முப்பத்தாறு இருக்கும். தொழில்: கொழுந்து பறித்தல், வேலை இல்லாத நேரத்தில் மாட்டுக்குப் புல் அறுத்தல். முகவரி: இராகலைக்கு மேலே மேமலைத் தோட்டம், ஏரிக்கரை லயம், கடைசிக் காம்பிரா. கணவர் முத்துலிங்கம் காய்ச்சலில் இறந்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. மாரியம்மன் பேரில் சத்தியம் செய்து சொல்வதாவது:

நான் மேற்படி தோட்டத்திலேயே பிறந்தவள். என் தகப்பனார் அழகன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். தாயார் காளியாயி உயிரோடு இருக்கிறார், என்னோடுதான் இருக்கிறார்.

எங்கள் தோட்டத்து ஏரி தானாக உண்டானது அல்ல. எனக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஃபெக்டரி யந்திரத்தை ஓட்டத் தண்ணீர் வேண்டுமென்று அப்போதிருந்த பெரிய துரை பள்ளத்தாக்கின் வாயில் அணை கட்டி ஓடையை மறித்தார். பள்ளத்தாக்கு முழுகி, அதிலிருந்த மூன்று குன்றுகளின் தலை மட்டும் வெளியே நின்றது. அவற்றைப் பெரிய திட்டு, நடுத் திட்டு, கடைத் திட்டு என்கிறோம். கரையிலிருந்து நடுத் திட்டுக்குத் தெப்பத்தில் போக அரை மணி நேரம் ஆகும். மூடுபனி உள்ள நாளில் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. துடுப்பு நனைவது தெரியும், தண்ணீர் தெரியாது.

முழுகுவதற்கு முன்பு அந்தக் குன்றுகளில் ஒன்றின் அடியில் மாணிக்கக் கல் எடுக்கும் சுரங்கம் ஒன்று இருந்தது. லயத்தில் அதைக் கல்லுக்குழி என்பார்கள். அணை கட்டிய அந்தப் பழைய துரையே அதைத் தன் சொந்தத்துக்கு, கம்பெனிக்குத் தெரியாமல், என் தகப்பனாரையும் வேறு மூன்று பேரையும் வைத்து வெட்டுவித்தார். அந்த மூவரும் இப்போது உயிரோடு இல்லை. பழைய துரை சீமைக்குப் போய் அங்கே இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எந்தக் குன்று என்று வெளியே பேசக் கூடாது என்று உத்தரவு இருந்ததாம். தண்ணீர் ஏறிய பின்பு பேசுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

1907ஆம் ஆண்டு அணையின் மதகை அடைத்த நாளன்று காலை, தகப்பனார் வேலைக்குப் போனார். போகும்போது என் காலிலிருந்த வெள்ளித் தண்டைகளில் திருகு உடைந்த ஒன்றைக் கழற்றி மடியில் முடிந்துகொண்டார். நான் அழுதேன், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதன் பின்பு அவர் திரும்பி வரவில்லை. அந்த வாரம் முழுவதும் மழை. நான்கு நாள் கழித்து, அவர் தோட்டத்தை விட்டு ஓடிவிட்டதாகச் செக்ரோல் என்ற ஆள் பதிவில் எழுதினார்கள். பெற்ற பிள்ளையின் காலில் கிடந்ததையும் உருவிக்கொண்டு போனான் என்று லயத்தில் பேசினார்கள். அம்மாவும் அப்படியே சொன்னார்.

அதன் பின்பு எங்களை லயத்தின் கோடியிலுள்ள ஒற்றை அறைக்கு, கடைசிக் காம்பிராவுக்கு, மாற்றினார்கள். திருவிழாவில் எங்கள் வீட்டு மாவிளக்கைக் கடைசியாகத்தான் வாங்குவார்கள். என்னைப் பெண் கேட்டு வந்த இரண்டு குடும்பம், தகப்பன் யார் என்று தெரிந்ததும் தேத்தண்ணி குடிக்காமல் எழுந்து போனது. அம்மா மட்டும் தினமும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொள்வார். யாராவது கேட்டால், "அந்தாளு எங்கயோ இன்னொருத்தி கையால சோறு தின்னுக்கிட்டு இருக்கான். நான் எதுக்கு அழிக்கணும்?" என்பார்.

புருசன் இறந்த பின்பு நான் இரண்டு மாடு வைத்துக்கொண்டேன். திட்டுகளில் நல்ல மானாப்புல் இருப்பதால், துரையிடம் அனுமதி வாங்கி மூங்கில் தெப்பம் ஒன்று கட்டிக்கொண்டு அங்கே போய்ப் புல் அறுத்து வருவேன். நான்கு வருடமாக எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வீரபத்திரன் அவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதே தெப்பத்தில் வருவார். நாங்கள் அவரை டாக்டரய்யா என்போம். அவருக்குச் செடிகள் என்றால் உயிர். திட்டுகளில் ஆடுமாடு ஏறாததால் வேறு இடத்தில் அழிந்துபோன செடி எல்லாம் அங்கே தப்பியிருக்கிறது என்பார். ஓரிடத்தில் உட்கார்ந்து, ஓர் இலையைப் பார்த்து, பொழுது சாயும்வரை வரைவார். திட்டில் கால் வைக்கும் முன் சப்பாத்தைக் கழற்றிவிடுவார். செடிகளோடு மரியாதையாகப் பேசுவார். இதைப் பைத்தியம் என்று எழுத வேண்டாம்.

இந்த வருடம் தை மாதத்திலிருந்து மழை இல்லை. ஏரி இறங்கிக்கொண்டே வந்தது. பெப்ரவரி மாதம் 18ஆம் திகதி, வியாழக்கிழமை விடியலில் உறைபனி விழுந்தது. கொழுந்து எல்லாம் கருகிவிட்டதால், பத்து மணிக்குப் பிறகு வந்தால் போதும் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அப்போது டாக்டரய்யா கரைக்கு வந்து, இந்தப் பனியில் எந்தச் செடி பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும், என்னைக் கொண்டுபோய் விடு என்று கேட்டார்.

நாங்கள் தெப்பத்தில் ஏறியபோது கரையோரத் தண்ணீர்மேல் கண்ணாடிபோல ஓர் ஏடு படிந்திருந்தது. துடுப்புப் பட்டதும் அது சின்னச் சத்தத்தோடு உடைந்தது. ஏரி முழுவதும் வெள்ளை ஆவி நின்றது. தெப்பம் நகர்கிறதா, திட்டுகள் எங்களிடம் வருகின்றனவா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் இன்னும் வீட்டில் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறோமோ என்று ஒரு தடவை நினைத்தேன்.

நடுத் திட்டில் புல் எல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்துக் கிடந்தது. மேற்குப் பக்கம், பாறை இடுக்கில், ஒரு பாய் விரிக்கும் அளவு இடம் மட்டும் பச்சையாக இருந்தது. அங்கிருந்து மெல்லிய புகை எழுந்தது, நின்றது, மறுபடியும் எழுந்தது. குளிர்காலத்தில் படுத்திருக்கும் பசுவின் மூக்கிலிருந்து வருவதுபோல இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தோம். அந்த இடத்தில் நான் அதுவரை காணாத செடிகள் இருந்தன. இலை இரண்டு விரல் அகலம், கறுப்புக் கலந்த சிவப்பு, வெல்வெட்டுத் துணி மாதிரி. இலை நெடுகப் பொன் நூல் ஓட்டியதுபோல நரம்பு. சிங்களவர்கள் வனராஜா என்று சொல்லும் செடியைக் காட்டில் பார்த்திருக்கிறேன். இது அதன் சொந்தம்போல இருந்தது, ஆனால் அது அல்ல. காற்றே இல்லாத அந்த விடியலில் இவற்றின் இலைகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. மொத்தம் இருபத்துமூன்று. நான் எண்ணினேன்.

டாக்டரய்யா குப்புறப் படுத்து, முகத்தைச் செடிகளுக்கு நேராக வைத்து, "வணக்கமுங்க" என்றார். அதன் பின்பு வெகுநேரம் எழவில்லை. பிறகு என்னிடம், "அம்மாக்கண்ணு, இங்க கைய வச்சுப் பாரு. மலை மூச்சு விடுது" என்றார்.

கையை வைத்தேன். இரண்டு கல்லுக்கு நடுவே, விரல் நுழையும் அளவு பிளவு. அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து என் உள்ளங்கையில் பட்டது. ஈரமண் வாசனை இருந்தது. அதோடு விளக்கு எண்ணெய் வாசனையும் இருந்ததாக எனக்குத் தோன்றியது. அதைச் சத்தியத்தில் சேர்த்துச் சொல்ல முடியாது.

"உள்ளுக்குப் பெரிய எடம் ஒண்ணு இருந்தாத்தான் இப்படிக் காத்து வரும். இந்தச் சூட்டுலதான் பனி இதுங்கள அண்டல" என்று ஐயா சொன்னார். திரும்பி வரும்போது துடுப்பை இரண்டு தடவை தவறவிட்டேன்.

அன்று மத்தியானம் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தபோது, "ஆத்தா, கல்லுக்குழி எந்தக் குன்றுல இருந்துச்சு?" என்று கேட்டேன். அதற்கு அம்மா, "நடுக் குன்றுல. ரெண்டு பாற தலையோட தல முட்டிக்கிட்டு நிக்கும், அதுக்குக் கீழதான் வாய். நான் சோறு கொண்டு போயிருக்கேன். இப்ப எதுக்கு அது?" என்றார். சும்மா கேட்டேன் என்றேன்.

அதன் பின்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, நடுத் திட்டின் மேற்கு ஓரத்தில், ஏரி இறங்கிய சேற்றில், தலைமுட்டி நிற்கும் இரண்டு பாறைகளின் மேற்பாகம் வெளியே தெரிந்தது. பச்சை இடம் அதற்கு நேர் மேலே, பத்து முழத்தில் இருந்தது. நான் டாக்டரய்யாவிடம் என் தகப்பனாரைப் பற்றி முழுவதும் சொன்னேன். அந்தப் பிளவை வெட்டித் திறக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவர் செடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத வெட்டுனா இதுங்க போயிரும், அம்மாக்கண்ணு. வேற எங்கயும் இருக்கான்னே தெரியல. செடி படிச்ச பெரிய ஆளுங்களுக்கு ஒரு எலய வச்சு எழுதியிருக்கேன். கொஞ்சம் பொறு" என்றார். நான் கோபப்படவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் பொறுத்தேன். அந்த இரண்டு வாரமும் கொழுந்து பறிக்கும்போது மலை மேலிருந்து திட்டைப் பார்ப்பேன். அது தண்ணீரில் அல்ல, பனியில் மிதப்பதுபோல இருக்கும். சில நேரம் அது இருக்காது.

மார்ச் மாதம் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு டாக்டரய்யா தானாகவே எங்கள் லயத்துக்கு வந்தார். தோளில் பாறை பெயர்க்கும் அலவாங்கு. கையில் ஒரு சாக்கு நிறையக் காலிப் பால் டின்கள். "எழுதுன கடுதாசிக்குப் பதில் வந்துச்சுங்களா?" என்று கேட்டேன். "வரல. முப்பது வருசம் போதும். வா" என்றார்.

துரைக்கு முதலில் ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டதற்குச் சொல்வது: நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அறிவித்தால் ஆட்கள் வந்து செடிகளை மிதிப்பார்கள் என்று ஐயா நினைத்திருக்கலாம். சிமெந்து பூசி அடைத்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன்.

திட்டுக்குப் போனதும் டாக்டரய்யா கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, இருபத்துமூன்று செடிகளையும் வேர்மண்ணோடு ஒவ்வொன்றாக எடுத்து டின்களில் வைத்தார். அதற்கு மத்தியானம் ஆகிவிட்டது. அவை இப்போது மருந்து அறை ஜன்னலில் இருக்கின்றன. இன்று காலை பார்த்தபோது பதினைந்து வாடிவிட்டன. மற்றவை பிழைக்குமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை.

அதன் பின்பு அலவாங்கால் பிளவைப் பெயர்த்தோம். பாறை உளுத்திருந்தது. நாங்கள் மேலிருந்து வெட்டியது ஒரு முழத்துக்கும் குறைவு. அதற்குக் கீழே வெட்டு ஏற்கெனவே இருந்தது. கீழேயிருந்து மேல்நோக்கி உளியால் வெட்டிய வெட்டு, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இருந்தது. ஐயா அதைப் பார்த்துவிட்டு அலவாங்கைக் கீழே வைத்தார். ஐயா பருமனானவர். ஆகையால் இடுப்பில் கயிறு கட்டி, லாந்தரோடு நான் இறங்கினேன்.

உள்ளே நான் நிமிர்ந்து நிற்கலாம். சுரங்கம் ஏரிப் பக்கமாகச் சரிந்து போகிறது. இருபது அடிக்கு அப்பால் தண்ணீர் கறுப்பாக, அசையாமல் நிற்கிறது. மதகு அடைத்த நாளில் கீழ்வாய் முழுகி, மேல்பாகம் மட்டும் இப்படியே நின்றிருக்கிறது. சுவரில் மைக்காத் துகள் இருந்தது. லாந்தரை அசைத்தபோது அவ்வளவும் சேர்ந்து நகர்ந்தது. எங்கோ சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பயம் இருந்ததா என்று கேட்டதற்கு, இல்லை. சின்ன வயதில் போன இடம்போல இருந்தது. நான் அங்கே போனதே இல்லை.

வெட்டுக்கு நேர் கீழே, கல்லை அடுக்கிச் செய்த மேடை இருந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் மேலே வெட்டியிருக்க வேண்டும். மேடையின் அடியில் எலும்புகள் கிடந்தன. பக்கத்தில் மழுங்கிய உளி ஒன்று, சுத்தியல் ஒன்று, காய்ந்த அகல் ஒன்று, கல் போட்டு வைத்த தகர டப்பா ஒன்று. இடுப்பு எலும்புப் பக்கம் உளுத்த துணி முடிச்சு இருந்தது. தொட்டதும் துணி பொடியாகிவிட்டது. உள்ளே திருகு உடைந்த சிறுபிள்ளைத் தண்டை. அதன் ஜோடி அம்மாவின் பெட்டியில் இருந்தது. இரண்டும் இப்போது சார்ஜன் ஐயா வசம் இருக்கின்றன. உடைந்ததைத் தட்டானிடம் கொடுத்துத் திருத்தவே தகப்பனார் எடுத்துப் போனார் என்று நான் நம்புகிறேன். ஓடிப்போகிறவன் ஒற்றைத் தண்டையை எடுக்கமாட்டான்.

சுவரில் உளியால் கீறிய கோடுகள் வரிசையாக இருந்தன. பதினொன்று. பிளவின் வழியாகப் பகலில் நூல்போல ஒரு வெளிச்சம் விழுந்திருக்கும். அதை வைத்து நாளை எண்ணியிருக்கலாம். பன்னிரண்டாவது கோடு இல்லை. எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று எனக்குத் தெரியாது. டாக்டரய்யா மூன்று தடவை கூப்பிட்டாராம். நான் ஒரு தடவைதான் கேட்டேன்.

டப்பாவிலிருந்த கற்களைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்வது: அவற்றை அப்படியே பொலிசாரிடம் கொடுத்தேன். என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை.

அதன் பின்பு கரைக்கு வந்து துரைக்கு அறிவித்தோம். துரை உடனே பொலிசுக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் திங்கட்கிழமை, எலும்புகளைத் தேயிலைப் பெட்டியில் வைத்து என் தெப்பத்தில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததை நான் பார்த்ததில்லை. முழுகிப்போன பழைய பாதை அடியில் தெரிந்தது.

கரையில் பழைய பெரிய கங்காணி பொன்னையா அவர்கள் நின்றார். மதகு அடைத்த நாளில் அவர்தான் ஆட்களுக்குப் பொறுப்பு. எண்பது வயதாகிவிட்டது. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, டாக்டரய்யா, சார்ஜன் ஐயா, நான் மூவரும் கேட்க, "அன்னிக்கு ஆள் எண்ணல, ஆயி. மழை. சீக்கிரம் அடைங்கடான்னு துரை கத்துனாரு. மூணாம் நாளு எனக்குச் சந்தேகம் வந்துச்சு. தொறந்தா அணையே போயிருமின்னு துரை சொன்னாரு. நாலாம் நாளு ஓடிட்டான்னு எழுதச் சொன்னாரு, எழுதுனேன்" என்றார். மூன்றாம் நாள் என்று அவர் சொன்னதை நான் சரியாகக் கேட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மாவுக்கு விஷயம் அதற்குள் தெரிந்திருந்தது. அடுப்புப் பற்றவைக்காமல், வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏரியை மூடுபனி மூடிக்கொண்டு வந்தது. முதலில் கடைத் திட்டு போயிற்று, பிறகு நடுத் திட்டு.

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று அம்மா கேட்டார். அம்மா அவரை மரியாதையாகச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன். ஆகையால், "இல்ல ஆத்தா. தண்ணி வந்ததும் ஒடனே உசிரு போயிருக்கும்னு டாக்டரய்யா சொல்றாரு" என்றேன். அது பொய். டாக்டரய்யா அப்படிச் சொல்லவில்லை.

அம்மா தலையை ஆட்டினார். "அப்ப என்னைய நெனைக்கக்கூட நேரம் இருந்திருக்காது" என்றார்.

அதைக் கேட்ட பின்பு என்னால் பொய்யை வைத்துக்கொள்ள முடியவில்லை. "நேரம் இருந்துச்சு ஆத்தா. பதினோரு நாளு இருந்துச்சு" என்றேன். உளியைப் பற்றியும் மேடையைப் பற்றியும் கோடுகளைப் பற்றியும் எல்லாம் சொன்னேன். மூன்றாம் நாளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அம்மா விரலை மடக்கி எண்ணினார். "அந்தப் பதினோரு நாளும் நான் இந்த வாசல்ல நின்னு அவரத் திட்டிக்கிட்டு இருந்தேன். சத்தம் போட்டுத் திட்டுனேன்" என்றார். அதன் பின்பு, "எந்தப் பக்கமா வெட்டுனாரு?" என்று கேட்டார்.

"நம்ம லயத்துப் பக்கமா" என்று சொன்னேன்.

அம்மா எழுந்து முகம் கழுவினார். பிறகு உள்ளே போய் விளக்கு ஏற்றி, அடுப்புப் பற்றவைத்து, மூன்று பேருக்கு உலை வைத்தார். நான் தடுக்கவில்லை.

என் வேண்டுகோள் ஒன்று உண்டு. முப்பது வருடத்துக்கு முந்திய செக்ரோல் ஆபீசில் இருக்கிறது என்று பெரிய கிளாக்கர் சொன்னார். அதில் என் தகப்பனார் பெயருக்கு நேரே ஓடிப்போனவன் என்று எழுதியிருப்பதை வெட்டிவிட்டு, வேலையில் இருக்கும்போது இறந்தார் என்று எழுத உத்தரவாக வேண்டும். எலும்புகளை என் தாயாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

இந்த வாக்குமூலத்தில் நான் கண்டதாகச் சொன்னது நான் கண்டது. கேட்டதாகச் சொன்னது என் காதால் கேட்டது. அம்மாவிடம் லயத்துப் பக்கம் என்று சொன்ன அந்தச் சொல்லை மட்டும் உண்மையில் சேர்க்க வேண்டாம். அந்த வெட்டு எந்தப் பக்கமும் போகவில்லை, நேராக மேலேதான் போகிறது. மற்றது எல்லாம் சத்தியம். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். சரி என்று கண்டு என் இடது பெருவிரல் ரேகையை வைக்கிறேன்.

(ரேகை)
அழகன் மகள் அம்மாக்கண்ணு

சாட்சி: வீரபத்திரன், டிஸ்பென்சர், மேமலைத் தோட்டம்